மேஸ்திரிக்கு வயிறு சரியில்லை

மேடவாக்கத்து அப்பார்ட்மென்ட்களில் தண்ணி லாரி குமரவேலைத் தெரியாத வாட்ச்மேன் கிடையாது. ஒரு கார் நுழைவதே பெரும்பாடான சந்தில் முழு லாரியை ரிவர்ஸ் எடுத்து, தரைக்கடியிலுள்ள சம்ப் தொட்டியின் வாய்க்கு நேராக நிறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இறங்கி வருவார். குழாயை மாட்டிய கையோடு, இணைப்பில் சொட்டும் இடத்துக்கு அடியில் தன் சொந்தப் பக்கெட்டை வைப்பார். சம்ப் நிரம்புவதற்குள் பக்கெட்டும் நிரம்பிவிடும். அது வாட்ச்மேனின் துளசிக்கோ, லாரிக் கண்ணாடிக்கோ போகும். தரைக்குப் போகாது.

"டேங்கர் நெறைய வெச்சிகினு சொட்டுத் தண்ணிக்கு இன்னாண்ணா இந்த அல்லாட்டம்?" என்று வாட்ச்மேன்கள் கலாய்ப்பார்கள்.

"வாங்கறவனுக்கு இன்னாப்பா, சம்ப்பு ரொம்பினா போதும். ஏத்தறவனுக்குத்தான் தெரியும் கிணறு எவ்ளோ கீழ போய்கீதுன்னு."

வீடு பம்மலில். அங்கே போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சளாக ஆடை கட்டும். அந்தத் தெருவிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணமும் ஆகி, மகளையும் கட்டிக் கொடுத்துவிட்ட மனிதருக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு வெறியே உண்டு. அரிசி கழுவியது கறிவேப்பிலைக்கு. துணி அலசியது கக்கூஸுக்கு. மொட்டை மாடியில் பழைய நீல டிரம்களை நெடுக்கில் அறுத்துத் தொட்டியாக்கி, அரைக்கீரையும் சர்க்கரைவள்ளிக் கொடியும் போட்டிருந்தார். அவற்றுக்கு நல்ல தண்ணீர் ஒரு மக்கு கூடக் காட்டியதில்லை. வீட்டில் வேறு எதற்காவது உபயோகப்பட்ட தண்ணீர்தான் மாடி ஏறும்.

"எங்க வூட்ல அழுதாக்கூட கீழ ஒரு கிண்ணம் வெச்சிகினுதான் அழணும்," என்பாள் அவர் மனைவி சந்திரிகா. மெயின் ரோட்டில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் வேலை பார்க்கிறாள். வளையல் வாங்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மேஸ்திரி வந்து சேர்ந்தது.

மேஸ்திரி ஒரு பல்லி ஜாதி. ஆஸ்திரேலியப் பாலைவனத்து வகை. முழங்கை நீளம், மணல் நிறம், தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் தாடி உப்பிக் கறுத்துவிடும். மேடவாக்கத்தில் தரைத்தளத்து ஃப்ளாட் ஒன்றில், ஐடி கம்பெனிப் பையன் ஒருவன் அதை வளர்த்துவந்தான். சம்ப் நிரம்பும்வரை குமரவேல் அந்த ஜன்னலோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அதுவும் பல்பு வெளிச்சத்தில் சப்பணமிட்ட மாதிரி உட்கார்ந்து, லாரியைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும்.

"வேல ஒண்ணும் செய்யறதில்ல. தலைய மட்டும் ஆட்டுது. சைட்டு மேஸ்திரி மாதிரியே கீது சார்," என்று அவர் சொல்ல, அன்று முதல் அதற்கு அதுவே பெயராயிற்று. பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், "அண்ணா, உங்களத் தவிர வேற யாரும் இத இப்படிப் பாத்ததில்ல," என்று சொல்லி, சர்க்கார் பதிவையும் முறைப்படி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சந்திரிகா அதை ஓணான் என்றுதான் சொல்வாள். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கவே சொல்வாள். ஆனாலும், கடையிலிருந்து வந்ததும் மாடிக்குப் போய்ச் சர்க்கரைவள்ளிக் கொடியில் இளம் இலையாகக் கிள்ளி வந்து, அகலமாக அது வாயைத் திறக்கும் அழகைப் பார்த்தபடி ஊட்டுவதும் அவள்தான்.

அந்த மேஸ்திரி ஒருநாள் தலையாட்டுவதை நிறுத்தியது. பூச்சியைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு பல்புக்கடியில் ஒட்டிக் கிடந்தது. அதைவிட, வயிறு கழிந்ததில் கூடத்தில் யாரும் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று விசாரிக்க வந்தார்.

செலையூரில் இந்த மாதிரிப் பிராணிகளையும் பார்க்கிற டாக்டர் இருக்கிறார் என்று விசாரித்து, ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு மேஸ்திரியை உட்கார வைத்து, ஷேர் ஆட்டோ ஏறினார் குமரவேல். பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டு அருகிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள இன்னாண்ணா, கோழிக் குஞ்சா?"

"பல்லிம்மா."

"எவ்ளோ பெருசு?"

அவர் முழங்கையைக் காட்டினார். அதற்குப் பிறகு தாம்பரம் வரை அவருக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

டாக்டர் எப்சிக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மேஸ்திரியைத் தூக்கி, வயிற்றைத் தடவி, குமரவேல் மாத்திரை டப்பாவில் கொண்டுவந்திருந்த கழிவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"குடல்ல ஒட்டுண்ணிக் கிருமிண்ணா. ரொம்பவே இருக்கு. மருந்து தர்றேன். ஆனா மருந்து பாதி வேலதான் செய்யும். அது போற கழிவுல கிருமியோட முட்டை மாதிரி ஒண்ணு வெளிய வரும். அது மறுபடி அதோட வாய்க்குள்ள போச்சுன்னா, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கூண்டு சுத்தமா இருக்கறதுதான் இதுக்கு நிஜமான வைத்தியம்."

"ஃபினாயில் ஊத்தித் தொடச்சிட்டேன் டாக்டர்."

"ஐயோ! அந்த வாசனையே அதுக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடருக்கும் இந்தக் கிருமி சாகாது. கொதிக்கிற தண்ணி, நல்லா ஆவி பறக்கிற தண்ணி, அதுக்குத்தான் கேக்கும்."

மணலையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு நியூஸ்பேப்பர் விரிக்க வேண்டும். அது கழித்த உடனேயே பேப்பரை மாற்ற வேண்டும். ஏறி உட்காரக் கட்டை வேண்டாம், கல் போதும், அதையும் வேகவைக்க வேண்டும். தின்னாமல் விட்ட பூச்சியை உடனே எடுத்துவிட வேண்டும், அது கழிவில் ஊர்ந்துவிட்டு மறுபடி இரையாகும். அது இருக்கும் கண்ணாடித் தொட்டியில் கொதிநீர் விட்டால் விரிசல் விட்டுவிடும் என்பதால், கொஞ்ச காலத்துக்குப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் வைக்கச் சொன்னார் டாக்டர். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

"எங்களுக்கு ஒட்டிக்குமா டாக்டர்?"

"இந்தக் கிருமி ஒட்டாது. ஆனா பல்லிக் கழிவுல வேற கிருமிகளும் இருக்கலாம், அது மனுஷங்களுக்கு ஆகாது. வீட்ல சின்னக் குழந்தைங்க, கர்ப்பிணிங்க இருக்காங்களா?"

குமரவேல் இல்லை என்று தலையாட்டப் போய், பாதியில் நிறுத்தினார். மகள் சினேகாவுக்கு வளைகாப்பு முடிந்து, கேளம்பாக்கத்து மாமியார் வீட்டிலிருந்து பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டிய காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சந்திரிகா முழுவதும் கேட்டாள். பிறகு கறாராகச் சொன்னாள்.

"அவ வர்றதுக்குள்ள உன் மேஸ்திரிக்குக் கொணம் ஆவணும். ஆவலைன்னா, கேளம்பாக்கத்துல ஒருத்தன் கேட்டுகினே கீறான் இல்ல, அவன்கிட்ட குடுத்துடு."

அந்த ஆள் இதுபோன்ற பல்லிகளை வளர்த்து விற்பவன். குமரவேல் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். ஒரே கூண்டில் நாலைந்து, ஒன்றன்மேல் ஒன்று. ஒன்றுக்கு வால் இல்லை, இன்னொன்றுக்கு விரல் இல்லை. நோஞ்சானாக இருக்கும் மேஸ்திரி அங்கே போனால் மறுவாரம் இருக்காது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "கொணம் ஆயிடும்," என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த வீடு ஆஸ்பத்திரியாயிற்று. அடுப்பில் காலையிலும் மாலையிலும் அண்டா நிறையத் தண்ணீர் கொதித்தது. டப்புக்கென்று தனி பிரஷ், தனித் துணி, தனிக் கரண்டி. கரண்டியின் காம்பில் சிவப்பு நூல் சுற்றி, "இத யாராவது கொழம்புல வுட்டீங்க, அவ்ளோதான்," என்று எச்சரித்தார். லோடு இறக்கிவிட்டு வந்தால், சட்டையைக் கழற்றும் முன் பேப்பரைப் பார்ப்பார். ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்தை எடுத்து, மேஸ்திரியின் வாயோரம் வைத்து, "தொற, ஆ காட்டு, அப்பன் சொல்றேன் இல்ல," என்று கெஞ்சுவார். பெற்ற மகளுக்குக்கூட இவர் இப்படி மருந்து கொடுத்ததில்லை என்று சந்திரிகா ஃபேன்ஸி ஸ்டோரில் சொல்லிச் சிரித்தாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்தால் வயிறு சுலபமாகப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தினமும் ஒரு பேசினில் குளியல் வேறு. அது சொகுசாகக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடும். குமரவேலுக்கு இது பரம திருப்தி. பேப்பர் மிச்சம்.

மேஸ்திரி கொஞ்சம் தேறியது. கண்ணைத் திறந்தது. பூச்சியைத் துரத்தியது. டப்பின் விளிம்பில் முன்காலை ஊன்றிக்கொண்டு, அடுப்பில் கொதிக்கும் அண்டாவைப் பார்த்துத் தலையும் ஆட்டியது. மறு பரிசோதனைக்குப் போனபோது குமரவேல் வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே போனார்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிய டாக்டர் எப்சி உதட்டைப் பிதுக்கினார். "குறைஞ்சிருந்தது போலண்ணா, மறுபடி ஏறிடுச்சு. எங்கியோ வாய்க்குள்ள போகுது."

வீட்டுக்கு வந்த குமரவேலின் கண்ணில் முதலில் பட்டவள் சந்திரிகா. கடையிலிருந்து வந்த அலுப்போடு மேஸ்திரிக்கு இலை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கை கழுவினியா?"

"வந்ததும் கழுவிட்டேன்."

"சோப்பு போட்டா?"

"போட்டுத்தான்."

"போட்டிருந்தா எப்டி மறுபடி வரும்? நான் அண்டா அண்டாவா காய்ச்சிகினு கீறேன், நீ பஸ்ஸுல புடிச்ச கையோட வந்து தொடறே."

சந்திரிகா கையிலிருந்த இலையைத் தட்டில் வைத்தாள். சண்டை போடுவாள் என்று அவர் காத்திருந்தார். போடவில்லை. "சரிய்யா. இனிமே நான் அது கிட்டயே வரல," என்றாள். சொன்னபடியே வரவுமில்லை. கடையில் மேஸ்திரி கதை சொல்வதையும் நிறுத்திவிட்டாள். குமரவேலே மாடி ஏறி இலை கிள்ளினார், குமரவேலே ஊட்டினார். அவளிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்தால் ஒரு வார்த்தையில் பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சினேகா வரும் நாளும் நிச்சயமாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மூன்றாம் முறை செலையூர் போனார். டாக்டர் பார்த்தார், வேறொரு கண்ணாடித் துண்டில் எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"குறையவே இல்லண்ணா. வேற யாராவது தொடறாங்களா?"

"யாரும் தொடறதில்ல டாக்டர். நான் ஒருத்தன்தான்."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. சந்திரிகா கையை எடுத்து எத்தனையோ நாளாகிறது. அப்படியும் கிருமி போகவில்லை.

"சரி, நீங்க என்னென்ன பண்றீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. காலைல எழுந்ததுலேர்ந்து."

இதற்குக் குமரவேல் தயாராகவே இருந்தார். பேப்பர் மாற்றுவது, அண்டா, தனிக் கரண்டி, சிவப்பு நூல், கல் வேகவைப்பது, பேசின் குளியல் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"எல்லாம் கரெக்டா பண்றீங்களே. குளிச்ச தண்ணிய என்ன பண்றீங்க? டப்பு தேய்ச்ச தண்ணி?"

குமரவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தண்ணி லாரி ஓட்றவன்கிட்ட கேக்கற கேள்வியா டாக்டர் இது? எங்க வூட்ல ஒரு சொட்டு சாக்கடைக்குப் போவாது. எல்லாம் பக்கெட்ல புடிச்சி மொட்ட மாடிக்கு ஏத்திடுவேன்."

"மாடியில?"

"தோட்டம் கீது. மேஸ்திரியோடது நல்ல உரம் டாக்டர். சர்க்கரவள்ளிக் கொடி எப்டி தளதளன்னு கீதுன்னு நீங்க வந்து பாக்கணும். அந்த எலயத்தான் கிள்ளினு வந்து நம்மாளுக்கு..."

வாய் நின்றுவிட்டது. விரித்த கை விரித்தபடியே காற்றில் நின்றது.

டாக்டர் எப்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "கொடி தரையோட படருமா அண்ணா?" என்றார்.

"ஆமா டாக்டர். மண்ணோட ஒட்டித்தான் படரும். மக்குல மேலாக்கத்தான் ஊத்துவேன்."

"இலைய அலசிட்டுப் போடுவீங்களா?"

"தண்ணி வீணாவுதேன்னு..." என்று இழுத்தார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கவலையோடு வந்தார். மேஸ்திரியை நினைத்து மட்டுமில்லை. அதே தொட்டியில் அடுத்த ஓரத்தில் வளரும் அரைக்கீரையை, மகள் வந்ததும் தினமும் மசித்துப் போட வேண்டும் என்று அவரேதான் சொல்லி வைத்திருந்தார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு நம் வீட்டுக் கீரை, மருந்தடிக்காத கீரை என்று சம்பந்தியிடம் போனில் பெருமை வேறு அடித்தாயிற்று.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார். இல்லையென்றால் சொல்லவே முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"சந்திரிகா, நான்தான்."

"நீதான்னு தெரியுதே. வேற யாரு வருவா?"

"அது இல்லமே. மேஸ்திரிக்கு நோய் குடுத்தது நான்தான்."

முழுவதையும் சொன்னார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபமா, சிரிப்பா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப நான் இல்ல?"

"நீ இல்ல."

"என் பஸ்ஸுக் கை இல்ல?"

"இல்லமே."

"இத அப்டியே, ஒரு வார்த்த வுடாம, சினேகா எதிர்ல ஒரு தபா சொல்றே."

"சொல்றேன்."

"மாப்ள எதிர்லயும்."

"...சொல்றேன்."

அப்போதுதான் சந்திரிகாவுக்கு இன்னொன்று உறைத்தது. "யோவ், போன வாரம் கீரக் கடைசல் துன்னோமே!"

"வேக வெச்சித்தானே துன்னோம்."

"உன்ன வேக வெக்கணும்யா," என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே போய் அடுப்பில் அண்டாவை ஏற்றினாள்.

அன்று சாயங்காலம் இருவருமாக மாடியில் கொடியைப் பிடுங்கினார்கள். அரைக்கீரையும் போயிற்று. மண்ணைச் சாக்கில் கட்டினார்கள். அறுத்த டிரம்களில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி, மறுநாள் வெயிலில் காயக் கவிழ்த்து வைத்தார்கள். பூ விட்டிருந்த ஒரு கொடியைப் பிடுங்கும்போது குமரவேல் சற்றுத் தயங்கினார். சந்திரிகா அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே பிடுங்கினாள்.

கடைசியாகப் பேசின் தண்ணீர் மிச்சமிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கக்கூஸ் வாசலில் நின்றார். பழக்கத்தில் கால் மாடிப்படிப் பக்கம் போயிற்று.

"ஊத்து," என்றாள் அவள்.

"முழுசாவா?"

"முழுசா."

ஊற்றினார். பல் பிடுங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மேஸ்திரிக்குக் குணமாக வழியில்லை. அது இருவருக்குமே தெரியும். குமரவேல் சட்டையை மாட்டிக்கொண்டு, "கேளம்பாக்கத்தானுக்குப் போன் போடட்டா?" என்று கேட்டார்.

"அங்க எதுக்கு? விரல கடிச்சித் துப்பிகினு இருக்கிற எடத்துக்கா?" என்றாள் சந்திரிகா. அவர் எதையும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "லாரி ஷெட்டுல ஒரு ரூம் காலியாத்தானே கீது. உன் ஓனரக் கேளு. கொணம் ஆனாத்தான் உள்ள வரணும். டாக்டர் வாயால சொல்லணும்."

லாரி ஓனர் சம்பத் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: கரண்ட் பல்பு ஒன்றுக்கு மேல் கூடாது. டப், பல்பு, தனிக் கரண்டி, அடுப்பு எல்லாம் ஷெட்டுக்குக் குடிபெயர்ந்தன. முதல் நாள் ஒதுங்கி நின்ற டிரைவர்கள், மறுநாள் பழைய பேப்பரைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார்கள். மேஸ்திரி எந்தக் கட்சித் தலைவரின் படத்தின் மேல் உட்காரும் என்று பந்தயம் கட்டினார்கள். கோயம்பேட்டிலிருந்து வாங்கிய பூசணியையும் இலையையும் குமரவேல் ஓடுகிற தண்ணீரில் அலசுவதைப் பார்த்து, "அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லியா? தண்ணி ஓடுது பாரு!" என்று கத்தினார்கள்.

சினேகா வந்தாள். வாக்குக் கொடுத்தபடி மாப்பிள்ளை எதிரில் எல்லாம் சொல்லி முடித்தார். மாப்பிள்ளை மரியாதைக்குச் சிரிக்காமல் இருக்கப் பார்த்து, காபி புரையேறி இருமினான். "ஏம்ப்பா, நீ மேஸ்திரிய வெளியே வெச்சே, ஓகே. ஆனா தினம் அங்கியே கெடக்கறியாமே, அம்மா சொல்லுது," என்று மகள் கேட்டாள். அவர் கையைச் சோப்புப் போட்டு மறுபடி ஒருமுறை கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த பரிசோதனையில் கிருமி வெகுவாகக் குறைந்திருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. "ஒருமுறை இல்லன்னா நம்ப மாட்டேன். இன்னொருமுறை பாக்கணும்," என்று சொல்லிவிட்டார் டாக்டர் எப்சி. குமரவேலுக்கு அந்த இடைவெளி ஒரு யுகமாக இருந்தது.

கடைசியாகப் போன அன்று டாக்டர் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தே இருந்தார். கண்ணாடித் துண்டை இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார். குமரவேல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே மேஸ்திரி அட்டையைப் பிறாண்டியது. நன்றாகத் தேறியிருந்ததால் பிறாண்டலிலும் பலம் இருந்தது.

"அண்ணா, இங்க வாங்க. நீங்களே பாருங்க."

அவர் பயந்துகொண்டே ஒரு கண்ணை மூடி, இன்னொன்றை வைத்துப் பார்த்தார். மங்கலான வெளிச்சம். ஏதோ நார் மாதிரி ஒன்று. வேறொன்றும் தெரியவில்லை. தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லியே டாக்டர்?"

"அதப் பாக்கத்தான் கூப்பிட்டேன்."

புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கிளினிக்கை விட்டு வெளியே ஓடி வந்து, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"சந்திரிகா! நானே பாத்தேன்மே, என் கண்ணால பாத்தேன். ஒண்ணுமே இல்ல!"

"டாக்டர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

அந்தப் பக்கம் ஏதோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

"கூடத்துல எடம் பண்ணிட்டேன்," என்றாள் சந்திரிகா. "ஷெட்டு வழியா போய் பல்ப எடுத்துகினு வா."